இந்த ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்?

ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு வலைச் செயலி. உள்ளே வரும் பயனரின் டோக்கன் செல்லுபடியாகுமா என்று பார்க்க அதில் ஒரு ஃபில்டர். டோக்கனைச் சரிபார்க்கும் சேவையை ஸ்பிரிங் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்கான ஆட்டோவயர்ட் குறிப்பு மேலே ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறது. நிரல் சிக்கலின்றி கம்பைல் ஆகிறது. சர்வரும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்துகொள்கிறது. முதல் கோரிக்கை வந்த நொடியில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். சேவை இருக்க வேண்டிய இடம் காலி. அதே சேவை, அதே குறிப்போடு, பக்கத்து கன்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பிழை காட்டும் வரியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. அந்த வரி சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிரலை வரி வரியாகப் படித்துத் தவறு கண்டுபிடிக்கும் பழக்கம் கல்லூரி முதல் ஆண்டிலேயே நமக்கு ஊறிவிடுகிறது. ஃபில்டரும் டிபென்டென்சி இன்ஜெக்ஷனும் சந்திக்கும் இடத்தில் அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை. அங்கே கேட்க வேண்டியவை வேறு: இந்த ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்? எப்போது உருவாக்கினார்கள்? இப்போது ஓடுவது அதே ஆப்ஜெக்டா, அதே பெயரில் பிறந்த இன்னொன்றா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்துகொண்டால், நாள் கணக்கில் இழுத்தடிக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே பிடிபட்டுவிடும் என்பது என் நம்பிக்கை. அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

சர்வ்லெட் என்ற ஏற்பாடு 1997இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. பாவ்னி திவான்ஜி அங்கே அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, அதற்குரிய ஜாவா கிளாஸிடம் ஒப்படைத்து, பதிலைத் திருப்பி அனுப்புவது சர்வ்லெட் கன்டெய்னரின் வேலை. டாம்கேட் அப்படிப்பட்ட ஒரு கன்டெய்னர். தொடக்கத்தில் ஃபில்டர் கிடையாது. லாக் எழுதுவது, அனுமதி பார்ப்பது, பதிலைச் சுருக்கி அனுப்புவது என எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வேலைகளை ஒவ்வொரு சர்வ்லெட்டும் தானே செய்ய வேண்டியிருந்தது. 2001இல் வெளியான சர்வ்லெட் 2.3 விதிமுறைதான் ஃபில்டரை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது.

ஃபில்டர்களின் அமைப்பைப் பெரிய கோயில் ஒன்றின் பிரகாரங்களைப் போல நினைத்துக்கொள்ளலாம். வெளிப் பிரகாரத்தைக் கடந்துதான் உள் பிரகாரம், அதைக் கடந்துதான் கருவறை. திரும்பும்போது அதே பிரகாரங்கள் தலைகீழ் வரிசையில் வரும். ஒவ்வொரு ஃபில்டரிலும் டூஃபில்டர் என்ற ஒரு மெத்தட் உண்டு. அதற்குள் ஓரிடத்தில் 'அடுத்தவரிடம் போ' என்று செயினைக் கூப்பிட வேண்டும். அந்த அழைப்புக்கு மேலே எழுதியது கோரிக்கை உள்ளே போகும்போது ஓடும். கீழே எழுதியது பதில் வெளியே வரும்போது ஓடும். அழைப்பையே எழுத மறந்தால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். பிழை எதுவும் வராது. 200 என்ற வெற்றி எண்ணோடு வெறும் பக்கம் ஒன்று பயனருக்குப் போய்ச் சேரும். வெள்ளைத் திரையும் 200உம் ஒன்றாக வந்தால் நான் முதலில் தேடுவது, ஏதாவது ஓர் இஃப் கிளையில் விடுபட்டுப்போன இந்த அழைப்பைத்தான்.

இனி இரண்டாவது கதை. ஒரு கிளாஸுக்கு வேண்டிய துணை ஆப்ஜெக்டுகளை அதுவே உருவாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து கொடுப்பது நல்லது என்ற எண்ணம், 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜாவா உலகில் வலுப்பெற்றது. ராட் ஜான்சன் 2002இல் ஜே2ஈஈ வடிவமைப்பு பற்றி எழுதிய புத்தகத்தோடு சேர்ந்து வந்த நிரல்தான் பின்னாளில் ஸ்பிரிங்காக வளர்ந்தது. ஸ்பிரிங் 1.0 வெளியானது 2004 மார்ச்சில். அதற்கு இரண்டு மாதம் முன்பு மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரை, டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை நிலைபெறச் செய்தது. ஸ்பிரிங் தனக்கென்று ஒரு கன்டெய்னர் வைத்துக்கொள்கிறது. பீன் எனப்படும் ஆப்ஜெக்டுகளை அது உருவாக்கி, ஒன்றுக்கு வேண்டிய இன்னொன்றைப் பொருத்தி, செயலி மூடும்வரை பராமரிக்கிறது.

ஆக ஒரே செயலிக்குள் இரண்டு கன்டெய்னர்கள். இரண்டுமே ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் உரிமை உள்ளவை. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு தேவைக்காக எழுதப்பட்டவை. டாம்கேட்டுக்கு ஆட்டோவயர்ட் என்றால் என்னவென்றே தெரியாது.

முதலில் சொன்ன காலி இடத்துக்குக் காரணம் இதுதான். ஃபில்டரை வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதினாலோ, வெப்ஃபில்டர் என்ற அனொட்டேஷனைப் போட்டுத் தனி டாம்கேட்டில் ஏற்றினாலோ, அந்தக் கிளாஸை உருவாக்குவது டாம்கேட். மேலே எழுதியிருக்கும் ஸ்பிரிங் குறிப்பு டாம்கேட்டைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம். அதைப் படிக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கோ அப்படியொரு ஆப்ஜெக்ட் பிறந்த செய்தியே போவதில்லை. சேவை நல் ஆகாமல் வேறு என்ன ஆகும்?

ஸ்பிரிங் இல்லாமல் ஜாவாவின் பொதுத் தரமான இன்ஜெக்ட் குறிப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் குறிப்பைத் தந்த ஜேஎஸ்ஆர் 330 விதிமுறையும், கேவின் கிங் தலைமையில் உருவான சிடிஐ விதிமுறையும் 2009இல் ஜாவா ஈஈ 6ஓடு சேர்ந்து வந்தன. முழு ஜாவா ஈஈ சர்வரில் ஃபில்டருக்குள் இன்ஜெக்ட் போட்டால் சேவை வந்து சேரும். அதே வார் கோப்பை வெறும் டாம்கேட்டில் வைத்தால் வராது. டாம்கேட்டோடு சிடிஐ வருவதில்லை. ஒரு சர்வரில் ஓடிய செயலி இன்னொன்றில் நல் காட்டும்போது நிரலை மாற்றத் தொடங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஊகத்தை விட்டுவிட்டு நேரடியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபில்டரின் கன்ஸ்ட்ரக்டருக்குள் தற்காலிகமாக ஒரு வரி சேர்த்து, அந்தக் கணத்தின் ஸ்டாக் டிரேஸை அச்சிடச் சொல்லுங்கள். கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டது யார், அவரைக் கூப்பிட்டது யார் என்ற முழுச் சங்கிலியும் லாகில் வந்து விழும். அதில் ஸ்டாண்டர்ட்கான்டெக்ஸ்ட் கிளாஸின் ஃபில்டர்ஸ்டார்ட், அதற்கு மேலே டிஃபால்ட்இன்ஸ்டன்ஸ்மேனேஜர் என்ற பெயர்கள் தெரிந்தால் உருவாக்கியது டாம்கேட். பீன்ஃபேக்டரி என்று முடியும் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தால் உருவாக்கியது ஸ்பிரிங். சில சமயம் இரண்டு டிரேஸ் வந்து விழும், ஒவ்வொரு கன்டெய்னரிலிருந்தும் ஒன்று. ஒரே கிளாஸுக்கு இரண்டு ஆப்ஜெக்டுகள். ஒன்றில் சேவை பொருத்தப்பட்டிருக்கிறது, மற்றொன்றில் இல்லை. கோரிக்கை போய்ச் சேர்வது இல்லாத ஒன்றிடம். பார்க்கும் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் ஓடும்போது உடையும் மர்மம் அந்த இரண்டாவது டிரேஸில் தீர்ந்துவிடுகிறது. சிஸ்டம் கிளாஸின் ஐடென்டிடி ஹாஷ் எண்ணைக் கன்ஸ்ட்ரக்டரிலும் டூஃபில்டரிலும் அச்சிட்டு ஒப்பிட்டால், எது எது என்று இன்னும் தெளிவாகிவிடும்.

இப்போது ஜாவாவும் கொஞ்சம் உதவுகிறது. எந்த மாறி நல் என்று பெயர் சொல்லும் பிழைச் செய்தி ஜாவா 14இல் அறிமுகமானது. 15ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே வருகிறது. அதற்கு முன் வரி எண் மட்டும்தான் கிடைத்தது. ஒரே வரியில் நான்கு புள்ளி வைத்து நான்கு மெத்தட் கூப்பிட்டிருந்தால், எது நல் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு கன்டெய்னர்களுக்கும் நடுவே பாலம் போட ஸ்பிரிங் தரும் வழி டெலிகேட்டிங் ஃபில்டர் ப்ராக்ஸி. டாம்கேட் இந்த ப்ராக்ஸியை உருவாக்கிக்கொள்ளும். கோரிக்கை வந்ததும் ப்ராக்ஸி ஸ்பிரிங்கிடம் போய் உண்மையான ஃபில்டர் பீனைக் கேட்டு வாங்கி, வேலையை அதனிடம் ஒப்படைக்கும். இதில் இரண்டு இடம் வழுக்கும். ப்ராக்ஸிக்கு வெப் எக்ஸ்எம்எல்லில் வைத்த பெயரும் பீனின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்படி ஒரு பீன் இல்லை என்ற பிழை வரும். இது பரவாயில்லை, பிழையாகவாவது வருகிறது. இரண்டாவது சத்தமே போடாது: ப்ராக்ஸி வழியாக ஓடும் பீனின் இனிட் மெத்தடை டாம்கேட் கூப்பிடாது. பீனின் வாழ்க்கையை ஸ்பிரிங்தான் நடத்துகிறது என்பதால் இயல்பு அமைப்பே அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஃபில்டரை அப்படியே பீனாக மாற்றியவர்கள், இனிட்டில் படிக்க வேண்டிய அமைப்புகள் எதுவும் படிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

இதற்கெல்லாம் முன்பாகவே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். சேவையை ஃபீல்டில் இன்ஜெக்ட் செய்யாமல் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது அந்தக் கிளாஸுக்கு அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருக்காது. டாம்கேட் தானாக அதை உருவாக்க முயன்றால் உருவாக்க முடியாமல், ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஃபில்டர்கள் தொடங்கவில்லை என்று லாகில் எழுதிவிட்டுச் செயலியையே நிறுத்திவிடும். பயனர் வந்த பிறகு நடுராத்திரியில் வெடிக்க வேண்டிய பிழை, செயலியை ஏற்றும் நேரத்தில் நம் கண் முன்னால் வெடிக்கிறது. அதற்குப் பிறகு நல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

2014இல் வந்த ஸ்பிரிங் பூட் டாம்கேட்டையே செயலிக்குள் வைத்துக்கொண்டது. அதோடு பழைய சிக்கல் பெருமளவு மறைந்து, அதன் நேர் எதிர்ச் சிக்கல் வந்தது. ஸ்பிரிங் பூட்டில் ஃபில்டர் வகையைச் சேர்ந்த எந்த பீன் இருந்தாலும் அது தானாகவே எல்லா முகவரிகளுக்குமான ஃபில்டராகப் பதிவாகிவிடும். டோக்கன் ஃபில்டரின் மேல் கம்போனன்ட் என்று குறித்துவிட்டு, பாதுகாப்புக்கான ஸ்பிரிங் செக்யூரிட்டி சங்கிலியிலும் அதைச் சேர்த்தால் அது இரண்டு இடத்தில் இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரண்டு முறை ஓடும். லாகில் ஒரே செய்தி இரட்டையாக வரும். நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்று கட்டுப்படுத்தும் ஃபில்டராக இருந்தால் பயனருக்குப் பாதி அளவுதான் கிடைக்கும். காரணம் யாருக்கும் புரியாது.

ஒன்ஸ்பெர்ரிக்வெஸ்ட்ஃபில்டர் என்ற அடிப்படைக் கிளாஸை நீட்டித்து எழுதினால் இரட்டை ஓட்டம் நின்றுவிடும் என்று பலரும் சொல்வார்கள். நிற்கும். ஆனால் எந்த இடத்தில் முதலில் அகப்படுகிறதோ அந்த இடத்தில் ஒரு முறை ஓடும். செக்யூரிட்டி சங்கிலிக்குள் ஓட வேண்டியது வெளியிலேயே ஓடி முடிந்துவிட்டால் உள்ளே அது வெறுமனே கடந்து போகும். அறிகுறி மறைந்து நோய் தங்கிவிடுகிற நிலை இது. ஃபில்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பீன் ஒன்றை எழுதி, தானாகப் பதிவாவதை அங்கே அணைத்துவிடுவதுதான் முறையான வழி.

வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் பூட்டில் செக்யூரிட்டி சங்கிலியின் இயல்பு வரிசை எண் மைனஸ் 100. நீங்கள் எழுதும் ஃபில்டருக்கு எண் கொடுக்காவிட்டால் அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். எல்லாக் கோரிக்கைகளையும் பதிவு செய்யத்தான் எழுதினேன், 401 என்று திருப்பி அனுப்பப்பட்டவை மட்டும் என் பதிவில் இல்லையே என்று ஒருவர் கேட்டால் பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. லாக் ஃபில்டர் செக்யூரிட்டிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகள் அதை எட்டவே இல்லை.

வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளை அனுமதிக்கும் கோர்ஸ் ஏற்பாட்டிலும் வரிசைதான் தொல்லை. முகப்புப் பக்கம் ஒரு முகவரியிலும் ஏபிஐ இன்னொரு முகவரியிலும் இருந்தால், பிரவுசர் உண்மையான கோரிக்கைக்கு முன்பு ஆப்ஷன்ஸ் என்ற முன்னோட்டக் கோரிக்கை ஒன்றை அனுப்பி அனுமதி கேட்கும். அந்த முன்னோட்டத்தில் டோக்கனோ குக்கியோ இருக்காது. டோக்கன் ஃபில்டர் கோர்ஸ் ஃபில்டருக்கு முன்னால் இருந்தால், டோக்கன் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிடும். பிரவுசர் தன் கன்சோலில் இதைக் கோர்ஸ் பிழை என்றுதான் எழுதும். உடனே எல்லோரும் கோர்ஸ் அமைப்பைத் திருத்துவார்கள். நட்சத்திரக் குறி போட்டு உலகம் முழுவதையும் அனுமதித்துப் பார்ப்பார்கள். அப்போதும் தீராது. கர்ல் கருவியால் அந்த ஆப்ஷன்ஸ் கோரிக்கையை மட்டும் தனியாக அனுப்பிப் பாருங்கள். 401 வந்தால் திருத்த வேண்டியது வரிசையை.

ஃபில்டருக்குள் எழும் எக்ஸெப்ஷனைக் கன்ட்ரோலர் அட்வைஸ் பிடிக்காததற்கும் இருப்பிடமே காரணம். அந்த ஏற்பாடு டிஸ்பேச்சர் சர்வ்லெட்டுக்கு உள்ளே இருப்பது. ஃபில்டர் அதற்கு வெளியே. அழகான ஜேசன் பிழைச் செய்திக்குப் பதிலாக சர்வரின் மொட்டைப் பக்கம் பயனருக்குப் போகும். ஸ்பிரிங் செக்யூரிட்டி 6இல் இன்னொரு விசித்திரம் சேர்ந்துகொண்டது. பிழை நேர்ந்தால் கன்டெய்னர் கோரிக்கையை உள்ளுக்குள்ளேயே பிழைப் பக்கத்துக்குத் திருப்பும் அல்லவா, அந்த உள் பயணத்துக்கும் இப்போது அனுமதி பார்க்கப்படுகிறது. பிழைப் பக்கத்தை அனுமதிக்க மறந்திருந்தால், 404 என்று வர வேண்டிய இடத்தில் 401 வரும். இல்லாத முகவரியைத் தட்டச்சு செய்தவர் டோக்கனில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு அதைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

பிழையே காட்டாமல் ஃபில்டர் ஓடாமலிருக்கும் சந்தர்ப்பங்கள் உண்மையில் அதிக ஆபத்தானவை, ஏனென்றால் ஓடாத பாதுகாப்பு ஃபில்டர் யாரையும் தடுக்காது. ஸ்பிரிங்கில் பழகியவர்கள் /ஏபிஐ/** என்று இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதுவது வழக்கம். சர்வ்லெட் விதிமுறைக்கு அது புரியாது. அங்கே ஒரு நட்சத்திரத்தில் முடியும் /ஏபிஐ/* மட்டுமே 'இதற்குக் கீழே உள்ள எல்லாம்' என்று பொருள்படும். இரண்டு நட்சத்திரம் போட்டால், பெயரிலேயே இரண்டு நட்சத்திரம் உள்ள ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் என்று கன்டெய்னர் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு முகவரிக்கு யாரும் போவதில்லை. ஃபில்டர் பதிவாகியிருப்பதாக லாக் சொல்லும், ஒருபோதும் ஓடாது.

பெயர் மாற்றத்தால் வந்த மௌனமும் இதே வகை. ஆரக்கிள் 2017இல் ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பழைய பேக்கேஜ் பெயரில் புதிய மாற்றங்கள் செய்வது பற்றி இரு தரப்பும் உடன்படாததால், 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9இல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 10 புதிய பெயரை மட்டுமே அறியும். பழைய பெயரில் அனொட்டேஷன் போட்ட ஃபில்டரைக் கொண்ட செயலியை டாம்கேட் 9இலிருந்து அப்படியே தூக்கி 10இல் வைத்தால், அந்த அனொட்டேஷன் யாருக்கும் புரியாத குறியாகிவிடும். பழைய ஏபிஐ ஜார் கோப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழைகூட எழாது. பதிப்பை உயர்த்தியவர்கள் முதலில் இம்போர்ட் வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இனி, இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தரும் ஒன்று. ஃபில்டர் ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான். டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் 200 த்ரெட்கள் வரை ஒரே நேரத்தில் அந்த ஓர் ஆப்ஜெக்டின் டூஃபில்டருக்குள் நுழையலாம். இப்போது ஒருவர் வசதிக்காக 'நடப்புப் பயனர்' என்று ஃபில்டருக்குள் ஒரு ஃபீல்டு வைத்து, டோக்கனிலிருந்து எடுத்த பெயரை அதில் போடுகிறார் என்று வையுங்கள். முதல் பயனரின் பெயரைப் போட்டு முடித்து, அதைப் படிப்பதற்குள் இரண்டாவது த்ரெட் வந்து தன் பயனரின் பெயரை அதே இடத்தில் எழுதிவிடும். முதல் பயனர் தன் கணக்கைத் திறந்தால் இன்னொருவரின் கணக்கு விரியும். சோதனை செய்பவர் தனி ஆளாக உட்கார்ந்து அழுத்திப் பார்க்கும்வரை இது வெளியே தெரியாது. கூட்டம் வரும் நாளில்தான் தெரியும், அதுவும் எப்போதாவது ஒரு முறை. ஒருவருடைய மருத்துவக் குறிப்போ வங்கி இருப்போ அந்நியர் ஒருவரின் திரையில் தோன்றுவதற்கு இந்த ஒரு ஃபீல்டு போதும். ஃபில்டரில் ஃபைனல் என்று குறிக்கப்படாத ஃபீல்டு எதைக் கண்டாலும் நிறுத்தி விசாரிப்பதை ஒரு குழு வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாற்றாகப் பலரும் போவது த்ரெட்லோக்கல். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இடம். ஆனால் டாம்கேட் த்ரெட்களை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்குவதில்லை. வேலை முடிந்ததும் குழாமுக்குத் திருப்பி, அடுத்த கோரிக்கைக்கு மறுபடி எடுத்துக்கொள்கிறது. போகும்போது துடைக்காமல் விட்ட பெயர் அடுத்து வருபவருக்குக் காத்திருக்கும். ஆகவே துடைக்கும் வரி ஃபைனலி பகுதிக்குள் இருக்க வேண்டும்; உள்ளே எந்த எக்ஸெப்ஷன் எழுந்தாலும் ஓடும்படி.

ஸ்பிரிங் இதற்கு ரிக்வெஸ்ட் ஸ்கோப் என்ற ஏற்பாடு வைத்திருக்கிறது: கோரிக்கைக்கு ஒரு பீன், கோரிக்கை முடிந்ததும் அதுவும் முடிந்தது. ஒரே ஓர் ஆப்ஜெக்டாக வாழும் ஃபில்டருக்குள், கோரிக்கைதோறும் மாறும் பீனை எப்படிப் பொருத்துவது? ஸ்பிரிங் உண்மையான பீனைக் கொடுப்பதில்லை. அதைப் போலவே தோற்றமளிக்கும் ப்ராக்ஸி ஒன்றைக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்த ப்ராக்ஸி நடப்பு த்ரெட்டில் ஒட்டியிருக்கும் கோரிக்கையைப் பார்த்து, அதற்குரிய பீனைத் தேடிப் பிடிக்கும். தேடும் இடத்தில் கோரிக்கை இல்லாவிட்டால், த்ரெட்டோடு பிணைந்த கோரிக்கை எதுவும் கிடைக்கவில்லை என்ற புகழ்பெற்ற பிழை வரும். அதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, கோரிக்கையை த்ரெட்டில் ஒட்டும் ஃபில்டருக்கு முன்பே உங்கள் ஃபில்டர் ஓடிவிட்டது. மற்றொன்று, அசிங்க் குறிப்பாலோ தனி எக்ஸிக்யூட்டராலோ வேலை வேறு த்ரெட்டுக்குப் போய்விட்டது. கோரிக்கை பழைய த்ரெட்டிலேயே நின்றுவிட்டது.

ஒரே கோரிக்கையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பதால் வரும் ஆபத்துக்கு 2020இல் அப்பாச்சி ஷிரோவில் நடந்ததைப் பார்க்கலாம். ஷிரோ ஒரு பாதுகாப்பு நூலகம். ஃபில்டராக முன்னால் நின்று, எந்த முகவரிக்கு உள்நுழைவு வேண்டும் என்று பார்க்கும். உள்ளே ஸ்பிரிங் அதே முகவரியைப் பார்த்துக் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும். /அட்மின் என்ற முகவரிக்கு உள்நுழைவு தேவை என்று விதி. கோரிக்கை /அட்மின்/ என்று கடைசியில் ஒரு சாய்கோட்டோடு வந்தால் ஷிரோவுக்கு அது வேறு முகவரி, விதி பொருந்தாது, விட்டுவிடும். ஸ்பிரிங்குக்கோ அன்று இரண்டும் ஒன்றுதான். பக்கத்தைத் திறந்து கொடுத்துவிடும். ஷிரோ 1.5.0இல் இது சரிசெய்யப்பட்டது. பிறகு அரைப்புள்ளி. முகவரிக்கு நடுவே இரண்டு புள்ளியும் அரைப்புள்ளியும் செருகினால், ஷிரோ அரைப்புள்ளியோடு வெட்டிப் படித்தது. ஸ்பிரிங் அரைப்புள்ளியை நீக்கிவிட்டு மிச்சத்தை முழுதாகப் படித்தது. சிவிஇ-2020-1957 என்ற எண் பெற்ற அந்தக் குறை 1.5.2இல் அடைக்கப்பட்டது. அதே ஆண்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த குறைகள் மேலும் வந்தன. இரண்டு நிரல்களையும் தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமாகவே தெரியும். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6, கடைசிச் சாய்கோட்டைப் புறக்கணிக்கும் பழைய வழக்கத்தை இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டது.

கோரிக்கையின் உடலைப் படிப்பதும் அப்படித்தான் இரண்டு பேருக்கு நடுவே சிக்குகிறது. அது ஒரு ஓடை. ஒரு முறை படித்தால் தீர்ந்தது. லாக் எழுதும் ஃபில்டர் ஆர்வமாக முழுவதையும் படித்துவிட்டால், கன்ட்ரோலருக்குக் காலியான உடல்தான் மிஞ்சும். கோரிக்கையின் உடல் காணவில்லை என்று 400 வரும். ஸ்பிரிங்கின் கன்டென்ட் கேஷிங் உறையைப் போட்டால் சரியாகும் என்பார்கள். அந்த உறை, மற்றவர் படிக்கும்போது நகல் எடுத்து வைத்துக்கொள்வது. செயினைக் கூப்பிடுவதற்கு முன்பே நகலைக் கேட்டால் அதில் ஒன்றும் இருக்காது. லாக் எழுதுவதைச் செயின் அழைப்புக்குக் கீழே வையுங்கள், கிடைக்கும்.

இவ்வளவும் சோதனைகளில் ஏன் பிடிபடுவதில்லை? பெரும்பாலான சோதனைகளில் ஃபில்டரை நாமே நியூ போட்டு உருவாக்கி, போலிச் சேவையை நாமே பொருத்திவிடுகிறோம். இரண்டு கன்டெய்னர்களும் அங்கே இல்லவே இல்லை. மாக்எம்விசியைத் தனிக் கன்ட்ரோலரோடு அமைத்தாலும், ஃபில்டரை நாமாகச் சேர்க்காவிட்டால் அது சங்கிலியில் இருக்காது. ஃபில்டர்களுக்கு மட்டுமாவது, ஏதோ ஒரு போர்ட்டில் உண்மையான சர்வரை எழுப்பி, எச்டிடிபி வழியாகவே கோரிக்கை அனுப்பும் சோதனைகள் வேண்டும். நேரம் எடுக்கும்தான், அதனால் எண்ணிக்கை குறைவாக இருந்தால் போதும். டோக்கன் இல்லாமல் ஒரு கோரிக்கை: 401 வருகிறதா, ஃபில்டரின் லாக் ஒரே ஒரு முறை எழுதப்படுகிறதா? டோக்கன் இல்லாத ஆப்ஷன்ஸ் முன்னோட்டம்: அனுமதிக்கப்படுகிறதா? பாதுகாக்கப்பட்ட முகவரி, கடைசியில் சாய்கோட்டோடும் நடுவில் அரைப்புள்ளியோடும்: உள்ளே விட்டுவிடுகிறதா? டோக்கன் உள்ளவர் இல்லாத முகவரிக்குப் போனால் 404தானா? இரண்டு வெவ்வேறு டோக்கன்களோடு பல த்ரெட்களிலிருந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை அனுப்பி, ஒவ்வொரு பதிலிலும் இருக்கும் பெயர் அந்தந்த டோக்கனுக்கு உரியதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையையும் இவற்றோடு சேர்த்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுங்கள்.